வேன் அண்ணனுக்குப் போன் போடாதீர்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

இந்தக் கடிதம் பரீட்சை பற்றியதும் இல்லை, கட்டணம் பற்றியதும் இல்லை, பயப்படாதீர்கள். வண்டி ஓட்டும்போது காதில் மாட்டிக்கொள்கிறோமே, அந்தச் சின்ன சமாச்சாரத்தைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் வாட்ச்மேன் லீவு, அதனால் நானே கேட்டில் நின்றேன். பிள்ளைகளை இறக்கிவிட வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒன்று கண்ணில் பட்டது: கழுத்தில் நெக்பேண்ட், காதில் வெள்ளையாக இயர்பட், இல்லையென்றால் ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் செருகிய போன். எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன். ஒரு அப்பா, முன்னால் நின்ற யூகேஜி பையனிடம் "இறங்கு இறங்கு" என்று சொல்லிக்கொண்டே போனில் யாருக்கோ சிமெண்ட் மூட்டை விலை சொல்லிக்கொண்டிருந்தார். பையன் "டாட்டா" சொன்னது அவர் காதில் விழவே இல்லை. அவன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

சரி, அது அவரவர் வண்டி. அதற்குப் பின்னால் வந்தது நம் பள்ளியின் மூன்றாம் நம்பர் வேன். ஓட்டுநர் அண்ணன் நம்மிடம் பதினொரு வருடமாக இருக்கிறார், வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவருடைய இடது காதில் ஒரு கறுப்பு ப்ளூடூத். பிள்ளைகளை இறக்கியதும் அறைக்கு வரச் சொன்னேன். திட்டுவதற்குத்தான் கூப்பிட்டேன், அதை மறைக்க வேண்டியதில்லை.

அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. போனை எடுத்து, அன்று காலை வந்த அழைப்புகளைத் திறந்து, என் மேசையில் வைத்தார். 7.10-லிருந்து 8.20 வரை பத்தொன்பது அழைப்புகள். பெயர் தெரியாததால் அவர் சேமித்து வைத்திருந்த விதம் இப்படி: 'பச்சை கேட் அம்மா', 'நாய் வீடு', 'ரேஷன் கடை அப்பா', 'மாடிப்படி பாட்டி'. சிரிப்பு வந்தது, ஆனால் நான் சிரிக்க முடியாத ஒன்றும் அதில் இருந்தது. 'ஆபீஸ்' என்று இரண்டு அழைப்பு. அதில் ஒன்று நான் சொல்லி எங்கள் அலுவலகத்திலிருந்து போட்டது. போன் மேசையில் இருக்கும்போதே மறுபடி அடித்தது, பச்சை கேட் அம்மா.

"எடுக்கலன்னா சாயங்காலம் சண்டைக்கு வர்றாங்க மேடம். கையில வச்சுப் பேசினா போலீஸ் பிடிக்கிறாங்க. அதான் என் காசு போட்டு இதை வாங்கி மாட்டிக்கிட்டேன்" என்றார்.

அவரை அனுப்பிவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். அந்த ப்ளூடூத்தை அவர் காதில் மாட்டியது நாம்தான், நீங்களும் நானும். அவர் பாட்டுக் கேட்க மாட்டவில்லை, நமக்குப் பதில் சொல்ல மாட்டியிருக்கிறார். ஆகவே ஓட்டுநர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டு உட்காருவது நியாயமாக இருக்காது என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர் சொன்ன போலீஸ் கதை உண்மைதான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, 184-ஆம் பிரிவில் ஆபத்தாக ஓட்டுவது எது என்று விளக்கிய இடத்தில், கையில் பிடித்துப் பேசும் கருவியையும் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் இதற்கு முதல் தடவை 1,000 ரூபாய், திரும்பச் சிக்கினால் 10,000 ரூபாய். அந்தப் பிரிவு கையைத்தான் சொல்கிறது, காதைச் சொல்லவில்லை. அதனால் எல்லோரும் கையிலிருந்து காதுக்கு மாற்றிக்கொண்டு, விஷயம் முடிந்தது என்று நினைக்கிறோம். பிரான்சில் 2015 ஜூலை முதல் காதிலும் மாட்டக்கூடாது, கார், பைக் மட்டுமல்ல, சைக்கிளுக்கும்தான். அங்கே அபராதம் 135 யூரோ.

கை காலியாக இருந்தால் போதாது என்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்து டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியலாளர் 2001-லேயே சோதனை செய்து காட்டிவிட்டார்: போனைக் கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும், சிவப்பு விளக்கைத் தவறவிடுவதும் பிரேக் போடத் தாமதமாவதும் ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனமும் போன் பேசிக்கொண்டு ஓட்டுபவருக்கு விபத்து வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்கிறது, கை படாமல் பேசுவது அதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானது இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவருக்கும் போனில் பேசுகிறவருக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு அம்மா கேட்டார். நல்ல கேள்வி. பக்கத்தில் இருப்பவர் பஸ் குறுக்கே வந்தால் தானாக வாயை மூடிக்கொள்வார், முடிந்தால் "ஐயோ" என்று கத்துவார். போனில் இருப்பவருக்குப் பஸ் தெரியாது, அவர் "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வேன் ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறது. இரண்டு நொடி மனம் வேறெங்காவது இருந்தால் நம் பள்ளியில் மூன்று வகுப்பறை நீளம், யாரும் ஓட்டாமலே ஓடியிருக்கும்.

"நான் பேசுவதில்லை மேடம், பாட்டு மட்டும்தான், அதுவும் ஒரு காதில்தான்" என்று சொல்கிறவர்கள் நிறைய. இதற்கு நான் இயற்பியல் ஆசிரியராகவே பதில் சொல்கிறேன், இருபது வருடம் எடுத்த பாடம், விட மனசில்லை.

வியாழக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். நடுவில் ஒரு மாணவியை நிறுத்தித் துண்டால் கண்ணைக் கட்டி, சுற்றிலும் நான்கு பேரை நிற்கவைத்து, நான் கண் காட்டும் ஆள் மட்டும் ஒரே ஒரு தடவை கைதட்ட வேண்டும், சத்தம் வந்த பக்கம் அவள் விரல் நீட்ட வேண்டும். முதல் சுற்றில் ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு அவளுடைய வலது காதில் பஞ்சு வைத்து, மேலே உள்ளங்கையால் அழுத்திக்கொள்ளச் சொன்னேன். வலப்பக்கம் தட்டினால் இடப்பக்கம் காட்டுகிறாள். பின்னால் தட்டினால் முன்னால் காட்டுகிறாள். தயங்கித் தயங்கிக் காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, "இந்தப் பக்கம்தான் மிஸ்" என்று அடித்துச் சொல்லித் தப்பாகக் காட்டினாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் எளிது. ஒரு சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை, ஒரு காதுக்கு ஆயிரத்தில் ஒரு நொடியைவிடக் குறைந்த நேரம் முந்தி வரும், கொஞ்சம் சத்தமாகவும் வரும். அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணக்குப் போடுகிறது. ஒரு காதை அடைத்தால் ஹார்ன் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. அதிலும் இப்போது வரும் வெளிச்சத்தம் குறைக்கும் இயர்பட்கள் இன்னும் மோசம். அவை வெளியிலிருந்து வரும் ஒலி அலையைச் சிறு மைக்கில் பிடித்து, அதற்கு நேர்மாறான அலையை உண்டாக்கி இரண்டையும் ஒன்றோடொன்று அழிக்கின்றன. இது நன்றாக வேலை செய்வது விடாமல் ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தத்தில். லாரி எஞ்சினின் உறுமல் இருக்கிறதே, அது அந்த ரகம்தான். பின்னால் லாரி வருகிறது என்று நமக்குச் சொல்வதற்கு இருக்கும் சத்தத்தையே காசு கொடுத்து அழிக்கிறோம்.

காது கேளாதவர்கள் ஓட்டவில்லையா என்று ஒரு அப்பா கேட்டார். ஓட்டுகிறார்கள், தாராளமாக. டெல்லி உயர் நீதிமன்றம் 2011-ல் அவர்கள் பக்கம் நின்றது, 2016-ல் மத்திய போக்குவரத்து அமைச்சகமும் அவர்களுக்கு உரிமம் தரச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. அவர்களில் ஒருவர் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன், என் கல்லூரித் தோழியின் கணவர். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருப்பார், ஒவ்வொரு சந்திலும் வேகத்தைக் குறைப்பார், தனக்கு எது கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். காதில் பாட்டு ஓடுகிறவருக்கு, தனக்குக் கேட்கவில்லை என்பதே தெரியாது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் ஏர் ஹாரன் அடிக்கிற அடியில் காதை எதையாவது வைத்து அடைக்கத்தான் தோன்றுகிறது. நானே போன வருடம் வரை ஸ்கூட்டியில் வரும்போது ஒரு நெக்பேண்ட் போட்டுக்கொண்டுதான் வந்தேன், சுப்ரபாதம் கேட்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. ஒருநாள் ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு பெரியவர் என் வண்டி பின்பக்கத்தைத் தட்டினார். முந்தானை சக்கரத்தில் சிக்கப்போகிறது என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்திருக்கிறார். எவ்வளவு தூரம் ஓடி வந்தார் என்று கேட்க வெட்கமாக இருந்தது.

ரயில்வே கேட் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. 2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப் பிரதேசத்தில் குஷிநகர் மாவட்டத்தில் ஆளில்லா கேட்டைக் கடந்த ஒரு பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 பிள்ளைகள் இறந்தார்கள். ஓட்டுநர் காதில் இயர்போன் இருந்தது என்றுதான் அன்றைய செய்திகளில் வந்தது. அதற்கு அடுத்த வருடத்துக்குள் அகல ரயில் பாதையில் ஆளில்லா கேட்டுகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். சரி, இனி ஆள் இருப்பார், பயமில்லை என்று நினைத்தோம். 2025 ஜூலை 8 காலையில் கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். ஆள் இருந்த கேட், ஆனால் ரயில் வரும்போது மூடப்பட்டிருக்கவில்லை, பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் போய்விட்டார்கள். அதற்கும் இயர்போனுக்கும் சம்பந்தமில்லை, யாரும் முடிச்சுப் போடாதீர்கள். நான் சொல்ல வருவது வேறு. நம் மூன்றாம் நம்பர் வேனும் நான்காம் நம்பர் வேனும் தினம் இரண்டு தடவை ஒரு கேட்டைக் கடக்கின்றன. கேட் திறந்திருக்கிறது என்பதை மட்டும் நம்பி அந்தப் பாதையைக் கடக்க எனக்குத் தைரியம் இல்லை.

அதனால் வரும் திங்கள் முதல் இப்படிச் செய்கிறோம். ஓட்டுநர்கள் நால்வரும் போனை அணைத்து, வேனில் வரும் அக்காவிடம் கொடுத்துவிடுவார்கள். (2012-ல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு குழந்தை விழுந்து இறந்த பிறகு, அதே வருடம் வந்த சிறப்பு விதிகளில் உதவியாளர் கட்டாயம் என்று ஆனது. அந்த அக்கா கதவு திறந்து மூட மட்டும் இல்லை.) ரயில்வே கேட்டில் வேன் நிற்கும், அக்கா இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துக் கை காட்டிய பிறகுதான் நகரும். இதனால் காலையில் நான்கைந்து நிமிடம் தாமதமாகும். முதல் மணியை ஐந்து நிமிடம் தள்ளி வைத்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்திலிருந்தும் ஓடும் வண்டிக்குப் போன் போகாது, அதற்கு நான் பொறுப்பு.

நீங்கள் செய்ய வேண்டியது, அக்காவின் எண்ணுக்கு மட்டும் கூப்பிடுவது, அதுவும் வேன் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால். ஒவ்வொரு வேனின் அக்கா எண்ணும் டைரியின் பின் அட்டையில் ஒட்டித் தருகிறோம். ஓட்டுநரின் எண்ணைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். "பிள்ளை இன்று வரவில்லை" என்பதை முந்தின ராத்திரியே அக்காவுக்கு மெசேஜாகப் போட்டுவிட்டால் பாதி அழைப்பு அங்கேயே குறைந்துவிடும்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு நான் விதி போட முடியாது. ஆனால் நம் பள்ளித் தெரு முனையில், வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்ட இடம் இருக்கிறது. அவசரப் பேச்சு என்றால் அங்கே நிறுத்திப் பேசி முடித்துவிட்டு வாருங்கள். வழி சொல்லும் மேப் வேண்டுமென்றால் போனை ஸ்டாண்டில் மாட்டி, ஸ்பீக்கரில் வையுங்கள். சைக்கிளில் வரும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் இயர்போனைக் கேட்டிலேயே வாங்கி வைப்போம், சனிக்கிழமை நீங்கள் வந்து வாங்கிப் போகலாம். பைக்கில் வரும் பிளஸ் டூ பையன்களைப் பற்றித் தனியாக இன்னொரு கடிதம் வரும். உரிம வயது வராத பிள்ளையிடம் வண்டி கொடுத்தால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் பெற்றோருக்குத்தான் என்பதை அதுவரை நினைவில் வைத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் தலைமையாசிரியை

பி.கு.: செவ்வாய்க்கிழமை கேட் பக்கத்தில் ஒற்றை இயர்பட் ஒன்று கிடந்தது. வெள்ளை நிறம், வலது காதுக்குரியது. வாட்ச்மேனிடம் இருக்கிறது. எப்போது விழுந்தது, எப்படி விழுந்தது என்று யாரும் கேட்க மாட்டோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.