அந்தப் பெயரில் இருக்கும் ‘முதுமை’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில் டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. அக்கறையோடு எழுதப்பட்ட நல்ல கட்டுரைதான். ஆனால் தலைப்பில் ‘முதுமை மறதி’ என்று போட்டு, ஊன்றுகோலைப் பிடித்த சுருங்கிய கை ஒன்றைப் படமாகவும் வைத்து, முதியோர் நலப் பக்கத்தில் வெளியிட்டிருந்தீர்கள். எனக்கு வயது 54. அந்த நோயில் ஒரு வகையான அல்சைமர் என்று உறுதியாகி இரண்டு வருடம் ஆகிறது. என் வயதுக்காரர்கள் எத்தனை பேர் அந்தப் பக்கத்தை ‘இது நமக்கில்லை’ என்று புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்ற நினைப்பு மனதை விட்டுப் போகவே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1901-ல் பிராங்பர்ட்டில் பார்த்த அகஸ்தே டேட்டர் என்ற பெண்ணுக்கு அப்போது வயது 51. அந்த அம்மாள் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்து 1906-ல் அந்த மருத்துவர் சொன்னதிலிருந்துதான் இந்த நோய்க்கு அவர் பெயரே வந்தது. முதலில் பதிவானவரே என்னைவிடச் சின்னவர்! 65 வயதுக்கு முன் தொடங்கினால் இளவயது டிமென்ஷியா என்கிறார்கள். உலகில் 30 முதல் 64 வயதுக்குள் சுமார் 39 லட்சம் பேர் இதோடு வாழ்கிறார்கள் என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

நான் 24 வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். எனக்கு முதலில் வந்தது மறதியே இல்லை. மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலைக் கூட்டும்போது மேலிருந்து இறங்கி வருகிற விரல் பாதியில் நின்றுவிடும், எந்த வரியில் இருக்கிறேன் என்று தெரியாது, திரும்ப மேலே போவேன். ஒருநாள் மாலை ஒரே பக்கத்தை ஏழு முறை கூட்டினேன், ஏழு விடை வந்தது. அந்த ஏழையும் ஒரு துண்டுத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்தேன், எது சரி என்று அப்புறம் பார்க்கலாம் என்று. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மருத்துவரிடம் போனால் மாதவிடாய் நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அப்புறம் மனச்சோர்வு என்று சொல்லி ஒரு வருடம் மாத்திரை. தைராய்டு, பி12 குறைபாடு எல்லாம் பரிசோதித்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன், சரிசெய்யக்கூடிய காரணங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் அதிலெல்லாம் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது ‘முதுமை’ மறதி, எனக்கோ தலைகூட முழுசாக நரைக்கவில்லை. மூன்றரை வருடம் இப்படியே ஓடிவிட்டது. நெற்றிப்பகுதி மூளையைத் தாக்கும் வகை வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கு ஆரம்பத்தில் ஞாபகம் நன்றாகவே இருக்கும், குணம்தான் மாறும். வெடுக்கென்று பேசுவார்கள், பணத்தைக் கண்டபடி செலவழிப்பார்கள், நோய் என்று தெரிவதற்குள் குடும்பமே உடைந்துபோவதும் உண்டு.

அந்த மூன்றரை வருடத்தில்தான் என் வேலை போனது. கவனக்குறைவு என்று அடுத்தடுத்து மூன்று கடிதம் கொடுத்தார்கள், நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நோய் என்று அப்போதே தெரிந்திருந்தால் கூட்டல் கழித்தல் இல்லாத வேறு மேஜைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருப்பேன். வீட்டுக் கடன் பாதியில் நிற்கிறது, மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். எண்பது வயதில் வந்தால் இந்தக் கவலைகள் இருக்காது.

கடைசியில் நோய் உறுதியான நாளன்று மருத்துவர் ஸ்கேன் படத்தை என் கணவர் பக்கம் திருப்பி, “இவங்களை வீட்டிலேயே ஓய்வா வச்சுக்கோங்க, வெளியே தனியா விடாதீங்க” என்றார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்திரேலியாவில் கேட் ஸ்வாஃபர் என்பவருக்கு ஐம்பது வயதாகும் முன்பே டிமென்ஷியா வந்தது. வேலையை விடு, வீட்டில் இரு என்று மருந்துச்சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்து ஒதுக்கிவிடுகிற இந்த வழக்கத்தை எதிர்த்து அவர் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார். 2014-ல் டிமென்ஷியா உள்ளவர்களே சேர்ந்து உலக அளவில் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியதிலும் அவர் ஒருவர்.

பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றுக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே என் பக்கத்தில் இருந்த பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாரைப் பார்க்க வந்தே?” என்று பாசமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கிளிப் படம் ஒன்றும் வண்ணப் பென்சிலும் கொடுத்தார்கள். எனக்குக் கை கால் நன்றாக இருக்கிறது, ஒரு மணி நேரம் விடாமல் நடப்பேன், ஆனால் அங்கே கதவு பூட்டியிருக்கும், எழுந்து நடந்தால் ‘அலைகிறார்’ என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. நோய் உறுதியாகும் அதே நாளில், அடுத்து யாரிடம் போவது என்று ஒரு ஆளையாவது காட்டிவிடுங்கள். பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைச் செய்துகொள்ளப் பயிற்சி எல்லாம் பக்கவாதம் வந்தவர்களுக்குத் தருகிறீர்களே, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதவித் திட்டங்களில் வயதைப் பார்த்துத் திருப்பி அனுப்பாதீர்கள். சொத்து, சிகிச்சை, கையெழுத்து எல்லாவற்றிலும் எனக்குத் தெளிவு இருக்கும்போதே என்னைக் கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளிடமும் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். ‘அம்மா, எனக்கும் வருமா?’ என்று மகள் கேட்டாள். பெரும்பாலானவர்களுக்கு இது ஒரே ஒரு மரபணுவால் நேராக இறங்கி வருவதில்லை, சில குடும்பங்களில் வருகிறது, பரிசோதனைக்கு முன் மரபணு ஆலோசனை பெற வேண்டும். இதை அவளுக்குச் சொல்ல எங்களுக்கு எட்டு மாதம் ஆனது.

இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதினேன், எழுத்துப் பிழைகளை மகள் திருத்தினாள், வேறு எதையும் மாற்றவில்லை. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது வெறும் டிமென்ஷியா என்றே போடுங்கள், எங்களில் ஒருவரையும் கேட்டு எழுதுங்கள். நான் பேசத் தயார். காலையில் கூப்பிடுங்கள், மதியத்துக்கு மேல் எனக்குச் சொற்கள் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)