சட்டைக்குள் போட்டால் பரவாயில்லையாம்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். ஆனால் "கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் வீரர்களுக்கு உடை விதி போட்டதால்தான் அமெரிக்கக் கூடைப்பந்து லீக் என்பிஏ உருப்பட்டது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டாயே, அதை எப்படி விடுவது? கோச் சார் பக்கத்தில் நின்று தலையாட்டியிருப்பார்!

விதியை வரிவரியாகப் பார். அறிவித்தது 2005 அக்டோபரில், அந்த சீசனிலேயே அமல். அணி வேலையாகப் போகும்போது காலர் சட்டை அல்லது கழுத்தை மூடும் டர்டில்நெக், நல்ல பேன்ட், ஷூ, சாக்ஸ். டிரஸ் ஜீன்ஸுக்கு அனுமதி உண்டு. ஆடாமல் பெஞ்சில் உட்காருகிறவருக்குக் கோட்டும் கட்டாயம். டி-ஷர்ட், ஷார்ட்ஸ், பெஞ்சில் தொப்பி, அரங்கத்துக்குள் கறுப்புக் கண்ணாடி எதுவும் கூடாது. ஹெட்ஃபோன் பஸ், விமானம், லாக்கர் ரூமில் மட்டும். சங்கிலி சட்டைக்கு மேலே தெரியக் கூடாது. உள்ளே கிடந்தால் பரவாயில்லை. இந்த வரிதான் எனக்கு ஆறவே இல்லை. அன்றைய நட்சத்திர வீரர் ஆலன் ஐவர்சனையும் அவரைப் பார்த்து உடுத்திய கறுப்பின இளைஞர்களையும் குறிவைத்த வரி அது. இன்னொரு வீரர் ஸ்டீபன் ஜாக்சன் அதை இனவெறி என்றே சொன்னார். சங்கிலிகளை வெளியே தெரியப் போட்டுக்கொண்டு எதிர்ப்பும் காட்டினார்.

வீரர்களும் பார்வையாளர்களும் மோதிக்கொண்ட ஆபர்ன் ஹில்ஸ் அரங்கக் கலவரத்தை மறந்துவிட்டாயா என்பாய். 2004 நவம்பர் 19. மறக்கவில்லை. முதலில் கப்பை வீசியது ஒரு பார்வையாளர். கேலரிக்குள் பாய்ந்த ரான் ஆர்ட்டெஸ்ட், ஜாக்சன் இருவரும் அணி ஜெர்சியில்தான் இருந்தார்கள். ஆர்ட்டெஸ்டுக்கு 86 ஆட்டத் தடை. அது நடத்தைக்கான தண்டனை, நியாயம். காலர் சட்டை அன்று எதைத் தடுத்திருக்கும், சொல்!

விதியில் ஓட்டையும் இருந்தது. கோட் என்றார்களே தவிர நிறம், வெட்டு, அளவு பற்றிப் பேச்சில்லை. வேட், வெஸ்ட்புரூக் மாதிரி வீரர்கள் எல்லாம் அதற்குள்ளேயே புகுந்து விளையாடினார்கள். அரங்கத்துக்குள் நடந்து வருவதைப் படமெடுக்கவே கேமராக்கள் காத்து நின்றன. 2018 இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்துக்கு லெப்ரான் ஜேம்ஸ் வந்தது தாம் பிரவுன் என்ற ஆடை வடிவமைப்பாளரின் சூட்டில், கீழே ஷார்ட்ஸ்! தடைப்பட்டியலில் இருந்த அதே ஷார்ட்ஸ். அன்று அவர் 51 புள்ளி எடுத்தும் அவர் அணி தோற்றது, அது வேறு வயிற்றெரிச்சல். 2020-இல், கொரோனா காலத்தில் ஆட்டங்கள் நடந்த ஆர்லாண்டோவில், பயிற்சியாளர்களே கோட்டைக் கழற்றிப் போலோ சட்டைக்கு மாறினார்கள். ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கோச் சாருக்கும் இதைப் படித்துக் காட்டு. பதிலை அவரே எழுதினாலும் சரி.

அன்புடன்,
உன் நண்பன்