ஷிப்ட் விசையும் உன் வலது கையும்

அன்புள்ள பாரதிக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் குட்டி கீபோர்டைத் தூக்கிக் காட்டி, "ஆச்சி, இதுக்கு ஏன் ஷிப்ட்னு பேரு?" என்று கேட்டாளே, அப்போது அவளுக்குப் பின்னால் நின்று நீ வலது கையை உதறிக்கொண்டிருந்தாய். தெர்மாமீட்டரில் பாதரசம் இறங்க உதறுவோமே, அந்த மாதிரி. என்னடி என்று கேட்டேன். "ராத்திரி மரத்துப் போகுதும்மா, உதறினா சரியாயிடும்" என்றாய். பிறகு பேச்சு எங்கோ போய்விட்டது. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அவள் கேள்விக்கும் உன் கைக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும்.

முதலில் குட்டிக்கு. நான் டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் பாஸ் செய்த பாளையங்கோட்டை இன்ஸ்டிடியூட்டில் கனத்த ரெமிங்டன் டைப்ரைட்டர்கள் இருந்தன. ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் இரண்டு எழுத்து, பெரியது ஒன்று, சின்னது ஒன்று. சுண்டு விரலால் ஷிப்டை அழுத்தினால் உள்ளே அந்தக் கம்பிக் கூட்டமே ஒரு படி இறங்கும். பெரிய எழுத்து காகிதத்தில் விழும். இடம் மாறுவதால் ஷிப்ட். 1878இல் வந்த ரெமிங்டன் இரண்டாம் மாடலில்தான் அந்த விசை வந்தது. அதற்கு முந்திய மெஷினில் பெரிய எழுத்து மட்டும்தான். அவளிடம் இதையும் சொல்: நீ ஆபீஸ் மெயிலில் போடும் 'சிசி' என்பது கார்பன் காப்பி. வக்கீல் ஆபீஸில் நான் நாலு கார்பன் வைத்து அடிப்பேன். ஓர் எழுத்து தப்பினால் ஒவ்வொரு தாளாகத் தூக்கி ரப்பரால் அழிக்க வேண்டும்.

இப்போது உனக்கு. எண்டர் விசையைச் சில கீபோர்டில் 'ரிட்டர்ன்' என்று போட்டிருப்பார்கள், பார்த்திருப்பாய். திரும்பி வருவது கேரேஜ், அதாவது காகிதம் சுற்றியிருக்கும் உருளையைத் தாங்கி நகரும் பகுதி. வரி முடிய ஏழெட்டு எழுத்து இருக்கும்போது மணி அடிக்கும். சொல்லை முடித்துவிட்டு இடது கையைத் தூக்கி லீவரைத் தள்ளுவேன். அந்த ஒரு தள்ளலில் கேரேஜ் திரும்பும், காகிதமும் ஒரு வரி மேலே ஏறும். விண்டோஸில் எழுதிய கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் 13, 10 என்று இரண்டு குறி ஒளிந்திருக்கும் என்று நீ காலேஜ் படிக்கும்போது சொன்னாய். 13 கேரேஜ் திரும்புவது, 10 காகிதம் ஏறுவது. என் இடது கை செய்த இரண்டு வேலையும் இன்னும் உன் மெஷினுக்குள் எண்ணாக இருக்கிறது. கைதான் அதைச் செய்வதில்லை.

அந்த அசைவு எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியாது. பக்கத்துக்கு 25, 30 தடவை இடது கை மேலே போய்வரும், அந்த நேரம் வலது கை சும்மா இருக்கும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, கார்பன் அடுக்கி, புதுத் தாள் சுற்ற வேண்டும். நாள் முழுக்க அடித்தாலும் விரல்கள் ஒரே நிலையில் நின்றதில்லை. வேலை சுளுவு என்று சொல்ல மாட்டேன், சாயங்காலம் தோள் இற்றுப்போகும். ஆனால் கை மரத்ததில்லை.

1997இல் ஜங்ஷன் பக்கம் ஒரு டிடிபி சென்டரில் சேர்ந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடுமாம். முதல் நாள் வரி முடிகிற இடத்தில் என் இடது கை தானாக மேலே போயிற்று. தள்ள அங்கே ஒன்றும் இல்லை. வரி அதுவாகவே மடங்கிக் கீழே இறங்கிவிட்டது. "அக்கா, எண்டர் எல்லாம் பத்தி முடிஞ்சாத்தான்" என்றான் சொல்லிக்கொடுத்த பையன். அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! மணி இல்லை, லீவர் இல்லை, ரப்பர் இல்லை. பேக்ஸ்பேஸைத் தட்டினால் தப்பு இருந்த இடமே தெரியாது. டைப்ரைட்டரில் பேக்ஸ்பேஸ் கேரேஜை ஓரிடம் பின்னால் தள்ளும், அவ்வளவுதான். எழுத்து அங்கேயே இருக்கும்.

யுபிஎஸ் அடிக்கடி மக்கர் பண்ணும். சேவ் செய்யாமல் கரண்ட் போனால் அடித்தது எல்லாம் போச்சு. திரையில் இருப்பது ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது, கரண்ட் இருக்கும்வரைதான் அது தாங்கும், டிஸ்கில் ஏறினால்தான் நமக்கு என்று அந்தப் பையன் சொன்னான். அதனால் இரண்டு வரிக்கு ஒரு தடவை கன்ட்ரோல் எஸ். பயத்திலேயே தோளைத் தூக்கி வைத்துக்கொண்டு அடிப்பேன். மேஜை விளிம்பில் மணிக்கட்டு அழுந்தி ஒரு சிவப்புக் கோடு எப்போதும் இருக்கும்.

ஒரு பிசியோதெரபி மாணவியின் புராஜெக்ட் என்னிடம் டைப்புக்கு வந்தது. ராமாசினி என்ற இத்தாலிய டாக்டர் 1713இலேயே எழுத்தர்களுக்கு வரும் நோய் பற்றி எழுதியிருந்தார். விடாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே பக்கமாக ஓயாமல் அசைவது, தப்பு வந்துவிடுமோ என்று மனம் இறுகுவது, இந்த மூன்றும்தான் காரணம் என்று. மூன்றும் என்னிடம் இருந்தன. டைப் அடித்து, பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிட்டேன். என் கையை நான் பார்க்கவில்லை.

அதற்கு முன்பே ராத்திரி மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. வாயு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். உனக்குப் பூக்கட்டும்போது நார் நழுவும். "அம்மா, லூசா இருக்கு" என்று நீ மறுபடி கட்டச் சொல்வாய், ஞாபகம் இருக்கிறதா? 2008இல் டாக்டரிடம் போனபோது என் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேடு பள்ளமாகிவிட்டிருந்தது. மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறதாம். ஒன்பது தசைநாணும் ஒரு நரம்பும் அதற்குள்ளே போகின்றன. மணிக்கட்டு மடங்கியே இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு நசுங்கும். பழி முழுவதையும் அவர் கீபோர்டு மேல் போடவில்லை. எனக்குத் தைராய்டும் இருந்தது, அதுவும் சேர்ந்திருக்கும் என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு மரத்துப்போவது நின்றது. போன சதை முழுசாக வரவில்லை. கடுகை இன்றும் ஸ்பூனால்தான் எடுக்கிறேன்.

நீ அங்கே டப்ளினில் கட்டிலில் சாய்ந்து, மடியில் லேப்டாப் வைத்து வேலை செய்கிறாய். திரையும் விசையும் ஒட்டியே இருப்பதால் கழுத்துக்குச் சரியென்றால் கைக்குத் தப்பு. லேப்டாப்பை நாலு தடித்த புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுத் தனிக் கீபோர்டு வாங்கு. அதன் பின்னங்கால்களை மடக்கிவிடு. முழங்கை மேஜை மட்டத்தில், மணிக்கட்டு நேராக. கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள். திரையைப் பார்க்கும்போது இமைப்பதே குறைந்துவிடும், அதில்தான் கண் வறண்டு எரிகிறது. போனில் மணி அடிக்கும்படி வைத்துக்கொள். அடித்தால் கையை விசையிலிருந்து எடு, எழுந்து தண்ணீர் குடி. ராத்திரி மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஸ்ப்ளின்ட் என்ற பட்டை கிடைக்கும், மாப்பிள்ளையிடம் சொல்லி வாங்கு. உங்கள் ஜி.பி. டாக்டரிடம் இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் போடு. தைராய்டும் சர்க்கரையும் பார்க்கச் சொல். ஆபீஸில் ரிலீஸ் முடியட்டும் என்று தள்ளாதே. நானும் கல்யாண சீசன் முடியட்டும், பரீட்சை சீசன் முடியட்டும் என்றுதான் தள்ளினேன்.

ஒன்று மட்டும் இன்றைக்கே தெரிய வேண்டும். மணிக்கட்டில் நசுங்கும் அந்த நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, அவ்வளவுக்குத்தான் போகிறது. சுண்டு விரலுக்குப் போவது வேறு நரம்பு. ராத்திரி கை மரத்து முழிப்பு வந்தால், உதறுவதற்கு முன்னால் லைட்டைப் போட்டு ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார். சுண்டு விரலும் மரத்திருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல். எந்த நேரமானாலும் போன் பண்ணு, நான் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா