திங்கட்கிழமை காலை ஒன்பது மணி: மருத்துவமனை கொள்முதல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளே, கொள்முதல் குழுவில் இருக்கும் மருத்துவர்களே, கணக்கு அதிகாரிகளே, வணக்கம்.

இருபது வருடங்களுக்கு மேலாகத் தொலைபேசி அமைப்புகளைப் பொருத்திப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். குரோன் டூலால் வயரைத் தட்டி இறக்கிய ஈபிஏபிஎக்ஸ் (அலுவலகத்துக்குள் போன்களை இணைக்கும் பழைய எக்ஸ்சேஞ்ச் பெட்டி) காலத்தில் ஆரம்பித்து, இன்று கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் ஓடும் ஐபி பிபிஎக்ஸ் வரை வந்திருக்கிறேன். மில், கல்லூரி என்று எல்லா இடத்திலும் வேலை செய்திருந்தாலும், மருத்துவமனையில் ஒரு லைன் கிடைக்காமல் போனால் நடப்பது வேறு. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கோவைப் பக்கம் ஒரு மருத்துவமனை. புதிய ஐபி தொலைபேசி அமைப்பு வாங்க முடிவு செய்தார்கள். எத்தனை யூசர் லைசென்ஸ் (அமைப்பைப் பயன்படுத்த மென்பொருள் நிறுவனம் விற்கும் அனுமதி) வேண்டும் என்று கேட்டதும், மனிதவளப் பிரிவிலிருந்து பெயர்ப்பட்டியல் வந்தது. 412 பேர். சரி, 400 லைசென்ஸ் என்று ஆர்டர் போட்டார்கள். வெளி லைன், அதாவது வெளியுலகத்தோடு ஒரே நேரத்தில் ஓடக்கூடிய அழைப்புகள், எத்தனை என்ற கேள்விக்கு, "இதுவரை பத்துதானே இருந்தது, அதுவே இருக்கட்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மூன்றாவது மாதத்தில், போன் கிடைக்கவில்லை என்று புகார் வரத் தொடங்கியது.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு ரிசப்ஷனில் போய் உட்கார்ந்தேன். ஹெட்செட் மாட்டிய இரண்டு பெண்கள் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். என் லேப்டாப்பில், எத்தனை வெளி லைன்கள் ஓடுகின்றன என்ற எண் ஆறு, எட்டு, பத்து என்று ஏறியது. பத்தைத் தொட்டதும் என் மொபைலில் இருந்து மருத்துவமனை எண்ணுக்கு அடித்தேன். எங்கேஜ்டு. கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தேன். அப்போதும் எங்கேஜ்டு. கவுண்டருக்கு முன்னால் ஒரு பெரியவர் மஞ்சள் பையோடு நின்றிருந்தார். "மூணு நாளா காலைல கூப்பிடறனுங்க தம்பி, எங்கேஜ்டாவே இருக்குதுங்க. அதான் பஸ்ஸேறி வந்துட்டனுங்க" என்றார். அவர் பார்க்க வேண்டிய டாக்டர் அன்றைக்கு லீவு.

அந்தப் பெரியவரின் மூன்று நாள் அழைப்புகளும் மருத்துவமனையின் அழைப்புப் பதிவில் எங்கேயும் இல்லை. லைன் எல்லாம் நிரம்பியிருந்தால், அழைப்பு தொலைபேசி சேவை நிறுவனத்தின் பக்கமே நின்றுவிடும். உங்கள் பிபிஎக்ஸ் பெட்டி வரைக்கும் வராது. வராததை அது பதிவு செய்யவும் முடியாது. மாத அறிக்கையைப் பார்க்கும் நிர்வாகிக்கு எல்லாம் நன்றாக நடப்பது போலவே தெரியும். இதை நீங்கள் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும்.

அப்படியானால் எத்தனை லைன் வேண்டும்? இதற்குக் கணக்கு இருக்கிறது, அதுவும் நூறு வருடத்துக்கு மேல் பழையது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணித அறிஞர் 1917இல் வெளியிட்ட சூத்திரம்தான் இன்றும் எங்கள் தொழிலுக்கு அடிப்படை. மிகவும் நெரிசலான ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் 180 பேர் அழைக்கிறார்கள், ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பேசுகிறார் என்றால் மொத்தம் 540 நிமிடம். அறுபதால் வகுத்தால் 9. அதாவது சராசரியாக எந்த நேரமும் ஒன்பது அழைப்புகள் ஓடும். இந்த அளவுக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள்: 9 எர்லாங்.

ஒன்பதுதானே, பத்து லைன் போதுமே என்று தோன்றும். போதாது. அழைப்புகள் வரிசை கட்டி ஒவ்வொன்றாக வருவதில்லை, குவிந்து வரும். பத்து லைன் வைத்தால் கிட்டத்தட்ட நூற்றுக்கு 17 அழைப்புகள் திரும்பிப் போகும். 180இல் அது 30. அந்த 30 பேரும் சும்மா இருக்க மாட்டார்கள், உடனே மறுபடி அடிப்பார்கள், நெரிசல் இன்னும் கூடும். நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் திரும்ப வேண்டும் என்றால் 17 லைன் வேண்டும். ஏழு லைன் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். வெளியே போகும் அழைப்புகளும் அதே லைன்களில்தான் போகின்றன என்றால் அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது அந்த 400 லைசென்ஸுக்கு வருகிறேன். மருத்துவமனையில் போன் ஆளுக்கு இல்லை, இடத்துக்கு. மூன்றாவது மாடி நர்ஸ் ஸ்டேஷனில் மூன்று ஷிப்டிலும் ஆட்கள் மாறுகிறார்கள், மேஜையில் இருப்பது அதே ஒரு போன்தான். அந்த மருத்துவமனை முழுவதற்கும் உண்மையில் தேவைப்பட்டது சுமார் 170. மீதி 230 லைசென்ஸ் யாருக்கும் ஒதுக்கப்படாமல் கிடக்க, அதற்கும் சேர்த்து வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணம் போனது. அந்தப் பணத்தில் ஏழு லைன் தாராளமாக எடுத்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஆகவே கொட்டேஷன் வாங்கும்போது, எதை எண்ணி விலை போடுகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். சிலர் ஆளை எண்ணுவார்கள், சிலர் கருவியை எண்ணுவார்கள், சிலர் ஒரே நேரத்தில் ஓடும் அழைப்புகளை எண்ணுவார்கள். ஒரு டாக்டருக்கு அறையில் ஒரு போன், மொபைலில் ஆப், கையில் ஒரு கார்ட்லெஸ் இருந்தால் அது ஒன்றா, மூன்றா? இதை எழுத்தில் வாங்குங்கள். நோயாளி அறையில் இருக்கும் போனுக்கு வாய்ஸ்மெயிலும் ஆப்பும் சேர்ந்த விலை உயர்ந்த லைசென்ஸ் எதற்கு? அடிப்படை வகையே போதும். கால் ரெக்கார்டிங்குக்குத் தனி லைசென்ஸ் உண்டா, சந்தா முடிந்த மறுநாள் எது நிற்கும் என்பதையும் கேளுங்கள். ஆஸ்டரிஸ்க் போன்ற திறந்த மூல மென்பொருளில் யூசர் லைசென்ஸே கிடையாது. நல்ல வழிதான், ஆனால் அதைத் தெரிந்த ஒருவர் உங்கள் சம்பளப் பட்டியலில் இருந்தால் மட்டும்.

இன்னொரு இடத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை இரவு, தொலைபேசி அமைப்பு ஓடிக்கொண்டிருந்த சர்வரின் மதர்போர்டு போய்விட்டது. பேக்கப் கையில் இருந்தது, இரண்டு மணி நேரத்தில் வேறு கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். ஆனால் லைசென்ஸ் பழைய கம்ப்யூட்டரின் வன்பொருள் எண்ணோடு பூட்டப்பட்டிருந்தது. புதிய சாவி திங்கள் மதியம்தான் வந்தது. அதுவரை கேஷுவாலிட்டியைக் காப்பாற்றியது, எந்த சர்வரோடும் சேராமல் நேராக வந்த ஒரே ஒரு லேண்ட்லைன். சர்வர் பழுதானால் லைசென்ஸை எத்தனை மணி நேரத்தில் மாற்றித் தருவீர்கள், ஞாயிற்றுக்கிழமை யார் போனை எடுப்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கேஷுவாலிட்டியிலும் ஐசியுவிலும் அப்படி ஒரு தனி லைனை வைத்திருங்கள். அது ஃபைபர் வழியாக வருகிறது என்றால் அதன் மோடத்தையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள், கரண்ட் போனால் அதுவும் செத்துவிடும்.

நாளைக்குப் புது பிளாக் கட்டுவோமே என்று லைசென்ஸை முன்கூட்டியே வாங்கிக் குவிக்க வேண்டாம். தேவைப்படும்போது வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். கூடுதல் லைசென்ஸ் மூன்று வருடத்துக்கு இதே விலை என்று மட்டும் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். முன்கூட்டியே செய்ய வேண்டியது கேபிளும், நெட்வொர்க் ஸ்விட்சில் அதைச் செருகும் போர்ட்டும்தான். போனுக்கு மின்சாரமும் தரும் ஸ்விட்ச் என்றால், எத்தனை போர்ட் என்பதோடு மொத்தம் எத்தனை வாட் தரும் என்றும் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆபரேஷன் தியேட்டர் பக்கத்துச் சுவரை மறுபடி உடைக்க முடியாது.

நெட்வொர்க் வேகத்துக்கு அதிகம் பயப்பட வேண்டாம். பேச்சை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 முறையில் ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் போகும், முப்பது அழைப்பு சேர்ந்தாலும் 2.6 மெகாபிட்தான். ஆனால் ஸ்கேன் படங்கள் போகும் அதே பாதையில் பேச்சையும் விட்டால், ஒரு சிடி ஸ்கேன் படம் நகரும்போது டாக்டரின் குரல் துண்டு துண்டாக விழும். பேச்சுக்குத் தனி விலேன் (அதே நெட்வொர்க்குக்குள் பிரித்து வைக்கும் தனிப் பாதை), முன்னுரிமை இரண்டையும் டெண்டரிலேயே கேளுங்கள்.

அடுத்த டெண்டரை எழுதுவதற்கு முன் மூன்று மாதப் பதிவை எடுத்து நெரிசல் மணி எது என்று பாருங்கள். லைன் நிரம்பித் திரும்பிப் போன அழைப்புகள் எத்தனை என்று சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, உங்கள் வீட்டிலிருந்து, உங்கள் சொந்த மொபைலில், ரிசப்ஷன் எண்ணுக்கு நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சர்வர் அறைகளில் வேலை பார்க்கும் ஒரு தொலைபேசித் தொழில்நுட்பர்