கடலோரப் பிள்ளைகளுக்குக் கடல் ஆராய்ச்சி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரக் கல்வி மலரில் பொறியியல் கலந்தாய்வும் நீட் கட்ஆஃபும்தான் பக்கம் பக்கமாக வந்திருந்தன. பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிற பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் பகுதியிலேயே இருக்கும் ஒரு வாய்ப்பைப் பற்றி நானாவது எழுதுகிறேன்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கடல் உயிரியலில் எம்.எஸ்சி. படிக்கலாம், பிஎச்.டி. செய்யலாம். வெளி மாநிலங்களிலிருந்து வந்து படிக்கிறார்கள். புவனகிரியில் கேட்டுப் பாருங்கள், "அங்க மீன் வளர்க்கிறாங்க சார்" என்பார்கள்.

பிளஸ் டூ பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவது என் வழக்கம். படகின் பின்னால் கூம்பு வடிவ வலை ஒன்றை இழுப்பார்கள். துணி அவ்வளவு நெருக்கமான நெசவு. வால்பக்கம் ஒரு குப்பி. அதில் சேர்ந்த கலங்கல் தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இறால் குஞ்சுகள் துள்ளும். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர். சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் அளவு தெரியும். கடல் நீரில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 35 பங்கு உப்பு. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தால் முகத்துவாரத்தில் அது மளமளவென்று இறங்கிவிடும். மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி, "எங்கப்பா வாயில வெச்சுப் பார்த்தே சொல்லிடுவாரு சார், இதுக்கா டாக்டர் பட்டம்?" என்றாள். நல்ல கேள்வி. அப்பாவுக்குத் தெரிந்ததை எண்ணாக்கி, மாதாமாதம் குறித்து, அடுத்தவர் சரிபார்க்கும்படி வைப்பதுதான் அந்தப் பட்டம் என்றேன்.

சரிபார்ப்பது என்றதும் சுனாமி நினைவுக்கு வருகிறது. 2004க்குப் பிறகு இங்கிருந்த பேராசிரியர் கதிரேசனும் அவருடன் ராஜேந்திரனும் இந்தக் கரையோரத்தில் 18 குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு சேதத்தைக் குறைத்தது என்று 2005இல் கட்டுரை வெளியிட்டார்கள். அடுத்த வருடமே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்துக் கணக்கிட்டு, குப்பம் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு என்பதே பெரும்பாலும் காரணம் என்று மறுத்து எழுதினார்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் படகில் போய்ப் படம் எடுத்துவரும் பிள்ளைகளுக்கு இந்தச் சண்டையைச் சொல்லிப் பாருங்கள், கண்ணை விரித்துக்கொண்டு கேட்பார்கள்.

அப்புறம் பணம். பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. எம்.எஸ்சி. கடைசி வருடத்திலேயே தேர்வு எழுதலாம். படிக்கிற பிள்ளைக்கு நாம் கட்டுவதற்குப் பதிலாக அங்கிருந்தே பணம் வரும் என்று சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் கிடைத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜே.ஆர்.எஃப். இல்லாமல் பிஎச்.டி.யில் சேர்ந்து, பகலில் ஆய்வு, மாலையில் டியூஷன் என்று ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். முடித்ததும் வேலை காத்திருக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

கல்யாணம், குழந்தை என்று பயந்து பெண்களை அனுப்பாத வீடுகளுக்கு ஒரு தகவல்: 2022ஆம் ஆண்டு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பிஎச்.டி. ஆய்வுக் காலத்தில் 240 நாள்வரை மகப்பேறு விடுப்பு உண்டு. ஆய்வை முடிக்கப் பெண்களுக்குக் கூடுதலாக 2 வருட அவகாசமும் தரலாம். அதே விதிமுறையோடு பிஎச்.டி.க்கு முந்தைய ஆய்வுப் பட்டமான எம்.ஃபில். நின்றுவிட்டது, அதை இன்னும் விசாரித்து அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நெட் தேர்வு அறிவிப்பு ஜூனுக்கும் டிசம்பருக்கும் வரும்போது, கடைசித் தேதி முடிவதற்குள் கல்வி மலரில் நாலு வரி போடுங்கள். கலந்தாய்வுக்கு ஒதுக்கும் இடத்தில் கால் பக்கத்தை வாரம் ஒரு ஆராய்ச்சி மையத்துக்குக் கொடுங்கள். பரங்கிப்பேட்டைக்கு உங்கள் நிருபர் வருவதாக இருந்தால் கூட வந்து காட்ட நான் தயார்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
புவனகிரி, கடலூர் மாவட்டம்.