லைப்சிக் என்றால் ரெட் புல் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மன் கால்பந்து பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மியூனிக், டோர்ட்முண்ட் பற்றிய பகுதிகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் லைப்சிக் நகருக்கு ஒதுக்கிய ஒரே பத்தியில், 2009-இல் ரெட் புல் என்ற பான நிறுவனம் பணம் போட்டு ஆர்.பி. லைப்சிக் அணியைத் தொடங்கிய பிறகுதான் அந்த ஊர்க்காரர்கள் பந்தையே பார்த்தார்கள் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். வேலை நிமித்தமாக இரண்டு வருடம் அந்த ஊரில் குடியிருந்தவன் நான். அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

ஜெர்மன் கால்பந்துச் சங்கமே பிறந்த ஊர் அது. 1900 ஜனவரி 28 அன்று லைப்சிக்கில் மரியன்கார்ட்டன் என்ற உணவு விடுதியில் கூடிய கிளப்புகள் சேர்ந்துதான் அதைத் தொடங்கின. 1903-இல் நடந்த முதல் தேசிய சாம்பியன் போட்டியை வென்றதும் அதே ஊரின் வி.எஃப்.பி. லைப்சிக் அணிதான். அந்தப் போட்டித் தொடரே ஒரு கூத்து. பிராக் நகர ஜெர்மானியர்களின் கிளப்பான டி.எஃப்.சி. பிராக் அணியோடு கார்ல்ஸ்ரூஹ அணி மோத வேண்டும். ஆட்டம் தள்ளிப்போடப்பட்டது என்று கார்ல்ஸ்ரூஹவுக்கு ஒரு தந்தி வந்தது. நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தந்தி போலி. வராத அணி வெளியேற்றப்பட, பிராக் ஒரு பந்தைக்கூட உதைக்காமல் இறுதி ஆட்டத்துக்குப் போனது. கால்பந்துச் சங்கத்தின் அன்றைய தலைவர் ஃபெர்டினாண்ட் ஹுயப்பே அதே பிராக் கிளப்பைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்துப் படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். மே 31 அன்று ஹாம்பர்க் பக்கத்து ஆல்டோனாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் லைப்சிக் 7-2 என்று வென்றது. 1906, 1913 ஆண்டுகளிலும் அவர்களுக்கே பட்டம்.

அந்த அணியின் வழிவந்ததுதான் இன்று நான்காம் அடுக்கில் ஆடும் 1. எஃப்.சி. லோகோமோட்டிவ் லைப்சிக். ஊரில் சுருக்கமாக ‘லோக்’. ரயில் என்ஜின் என்று அர்த்தம். போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியில் பழைய கிளப்புகள் எல்லாம் கலைக்கப்பட்டன. நான்கைந்து பெயர் மாறிய பிறகு, 1966-இல் ரயில்வே ஆதரவோடு இந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

அதற்கு மூன்று வருடம் முன் நடந்ததை ஊர்ப் பெரியவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1963-இல் நகரத்தின் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் பொறுக்கி எடுத்து, எஸ்.சி. லைப்சிக் என்று ஒரே அணியாக்கினார்கள் அதிகாரிகள். லோக்கின் முந்தைய பெயர் அதுதான். வேண்டாம் என்று கழித்துவிட்டவர்கள் லாய்ட்ஷ் பகுதியில் இருந்த கெமீ லைப்சிக் அணிக்குப் போனார்கள். அவர்களுக்கு ‘லைப்சிக்கின் மிச்சம்’ என்றே பெயர். அந்த மிச்சம்தான், ஆல்ஃபிரட் குன்ட்ஸே என்ற பயிற்சியாளரை வைத்துக்கொண்டு, அதே 1963-64 பருவத்தில் கிழக்கு ஜெர்மன் சாம்பியன் ஆனது! லோக் ஆதரவாளர்களிடம் இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது. ஏனென்றால், கோப்பைப் போட்டியை நான்கு முறை வென்ற லோக், லீக் பட்டத்தை மட்டும் கிழக்கு ஜெர்மனி மறையும்வரை ஒருமுறைகூட வெல்லவில்லை.

வெல்லாததற்கு அவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. உளவுத்துறைத் தலைவர் எரிக் மீல்கேயின் செல்ல அணியான பெர்லினின் பி.எஃப்.சி. டைனமோ 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்துப் பட்டங்களை அள்ளியது. 1986 மார்ச் 22 அன்று லைப்சிக்கில் லோக் 1-0 என்று முன்னணியில் இருந்தது. 90 நிமிடம் முடிந்தும் நடுவர் பெர்ன்ட் ஷ்டும்ஃப் விசில் ஊதவில்லை. 95ஆம் நிமிடம் டைனமோவுக்கு ஒரு பெனால்டி கொடுத்தார். ஆட்டம் 1-1. நாடே கொதித்துப் போனதில் அவருக்கு ஆயுள் தடை. பருவ முடிவில் டைனமோ முதலிடம், லோக் இரண்டாமிடம், இடைவெளி இரண்டே புள்ளி. ஆனால் பல வருடம் கழித்து வேறொரு கோணத்தில் எடுத்த படம் ஒன்று வெளிவந்தது. அதைப் பார்த்தால் பெனால்டி கொடுத்தது தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது. என்னோடு வேலை பார்த்த ஒரு லோக் ரசிகரிடம் இதைச் சொன்னேன். “படம் கிடக்கட்டும், ஐந்து நிமிடம் எதற்கு?” என்றார். நியாயமான கேள்விதான்.

அடுத்த வருடமே அவர்களுடைய பொற்காலம் வந்தது. கோப்பை வென்ற அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதியில் பிரான்ஸின் போர்தோ அணியை அங்கே போய் 1-0 என்று வென்றுவிட்டு வந்தார்கள். ஊரில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 0-1 தோல்வி. 1987 ஏப்ரல் 22 அன்று சென்ட்ரல் ஸ்டேடியத்தில் 73,000 பேர் இருந்தார்கள் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. ஊர்க்காரர்களைக் கேட்டால் ஒரு லட்சத்துக்குக் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். பெனால்டி ஷூட்-அவுட்டில் எதிரியின் பந்துகளைத் தடுத்த கோல்கீப்பர் ரெனே முல்லர், கடைசியில் தானே பந்தை எடுத்து வைத்து உதைத்து வலைக்குள் அனுப்பினார். 6-5. அப்புறம் ஏதென்ஸில் இறுதி ஆட்டம். யோஹான் க்ரைஃப் பயிற்சி கொடுத்த அயாக்ஸ் அணியிடம் மார்கோ வான் பாஸ்டன் அடித்த ஒரே கோலில் தோற்றார்கள்.

ஜெர்மனி ஒன்றானபின் நடந்தது எல்லாக் கிழக்கு கிளப்புகளின் கதைதான். பழைய வி.எஃப்.பி. பெயரை மறுபடி வைத்துக்கொண்டார்கள், 1993-94 ஒரே ஒரு பருவம் முதல் அடுக்கான புண்டஸ்லீகாவில் ஆடிக் கடைசி இடம் பிடித்தார்கள், பிறகு கடன், திவால், 2004-இல் கிளப்பே மூடல்.

ஆனால் மூடுவதற்கு முன்பே, 2003 டிசம்பரில், ரசிகர்கள் லோக் என்ற பழைய பெயரில் புது கிளப் ஒன்றைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். புது கிளப் என்பதால் 2004-இல் பதினோராம் அடுக்கில், அதாவது ஆக அடிமட்டத்தில் தொடங்க வேண்டியதாயிற்று. கிராமத்து இரண்டாம் அணிகளோடு மோதல். க்ரோஸ்டாய்பன் என்ற சிற்றூரின் இரண்டாம் அணியோடு நடந்த ஆட்டத்தைப் பெரிய ஸ்டேடியத்தில் வைத்தபோது 12,421 பேர் வந்தார்கள். உலகக் கோப்பையைத் தூக்கிய லோதர் மத்தேயுஸ் 2005-இல் ஒரு கோப்பை ஆட்டத்துக்கு லோக் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினார்.

இதைப் படித்துவிட்டு லோக் ரசிகர்கள் எல்லாம் தங்கக் கட்டிகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2006-இல் ஓர் இளைஞர் அணி ஆட்டத்தில் ரசிகர் கூட்டம் ஒன்று ஸ்வஸ்திகா வடிவில் நின்றது. 2007 பிப்ரவரியில் ஓர் ஆட்டம் முடிந்ததும் சுமார் 800 பேர் போலீஸைத் தாக்கியதில் 39 போலீஸார் காயமடைந்தார்கள். 2025 ஆகஸ்டில் ஷால்க்கே அணியோடு நடந்த கோப்பை ஆட்டத்தில் கறுப்பின வீரர் ஒருவர், தன்னைக் கேலரியிலிருந்து இனத்தைச் சொல்லித் திட்டியதாக நடுவரிடம் முறையிட்டார். எனக்கு நேரில் ஒன்றும் நடந்ததில்லை. ஆனாலும் என் நிறத்தோடு அங்கே முதல் தடவை போகும்போது வயிற்றில் ஒரு கலக்கம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் குறைந்தது.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று, இதுபோன்ற கிளப்புகள் ஏன் மேலே வர முடிவதில்லை என்பது. ஜெர்மனியில் நான்காம் அடுக்கு என்பது ஒரு லீக் அல்ல, ஐந்து வட்டார லீக்குகள். சாம்பியன்கள் ஐந்து பேர், மேலே போக இடமோ நான்கு. மேற்கு, தென்மேற்கு லீக்குகளின் சாம்பியன்களுக்கு வருடா வருடம் நேரடி இடம். வடக்கு, வடகிழக்கு, பவேரியா மூன்றுக்கும் ஒரு நேரடி இடம் சுழற்சி முறையில் வரும். மீதி இரண்டு சாம்பியன்களும் தங்களுக்குள் மோதிக்கொள்ள வேண்டும். லோக் இரண்டு முறை இதில் மாட்டியது. 2020-இல் (அப்போது நேரடி இடங்களின் பங்கீடு வேறு) ஃபெர்ல் அணியோடு 2-2, 1-1. ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை, வெளியூரில் யார் அதிகக் கோல் அடித்தார்கள் என்ற கணக்கில் வாய்ப்பு போனது. 2025-இல் ஹாவெல்ஸே அணியோடு முதல் ஆட்டம் 1-1, சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் 0-3. சாம்பியன் பட்டம் வாங்கிய அணி, அடுத்த பருவத்தையும் அதே லீக்கில்தான் தொடங்குகிறது. ‘சாம்பியன் மேலே போக வேண்டும்’ என்று கிழக்குப் பகுதி மைதானங்களில் பேனர் பிடிக்கிறார்கள். எல்.கே.ஜி. குழந்தைக்குக்கூடப் புரிகிற கோரிக்கை இது, இதற்கு ஒரு இயக்கம் தேவைப்படுகிறது!

கட்டுரையாளர் மறுபடி லைப்சிக் போனால் ஒரு சனிக்கிழமை 15ஆம் எண் டிராமில் ஏறி ப்ரோப்ஸ்ட்ஹைடா பக்கம் போகட்டும். நெப்போலியன் போர் நினைவுச்சின்னம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புருனோ பிளாஹே மைதானம் வரும். 1922-இல் திறந்தது. மரத்தாலான பழைய கேலரியில் இடம் கிடைத்தால் உட்காரலாம். கோல் விழுந்தால் காலடியில் பலகை அதிரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.