ஆமைக் கம்பியின் சாய்வை அளப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விசைப்படகுகளின் இழுவலையில் ஆமை விலக்குக் கருவி பொருத்துவது பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'அமெரிக்கா கேட்கிறது, மீனவர் மறுக்கிறார்' என்பதோடு நின்றுவிடுகின்றன. கடலூர் முதுநகரிலும் புதுச்சேரித் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலும் கேட்டுப் பார்த்தால் விஷயம் வேறு எங்கோ இருக்கிறது.

வலையில் ஆமை விலக்குக் கருவி இல்லை என்று, இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை அமெரிக்கா 2019 மே மாதம் நிறுத்தியது. பண்ணையில் வளர்த்த வன்னாமி இறாலுக்குத் தடை கிடையாது. சரக்கோடு போகும் டி.எஸ்.2031 படிவத்தில் வளர்ப்பு இறால் என்று சான்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே அடி வாங்கியது கிள்ளைப் பக்கத்துப் பண்ணை இறால் அல்ல, முகத்துவாரத்துக்கு வெளியே படகில் பிடிபடும் வெள்ளை இறால். இதற்கு அடிப்படையான அமெரிக்கச் சட்டத்தின் 609ஆம் பிரிவு 1989லேயே வந்தது. இந்தியா உட்பட நான்கு நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடி, அதை அமல்படுத்திய விதம் பாரபட்சமானது என்று 1998இல் தீர்ப்பும் வாங்கின. அமெரிக்கா நடைமுறையை மாற்றிக்கொண்டது. பிரிவு அப்படியே நிற்கிறது.

கருவி எளிமையானது. இழுவலையின் கடைசியில் மீன் சேரும் பைதான் மடி. அதன் கழுத்துப் பகுதியில் ஒரு கம்பித் தட்டி சாய்வாகக் கட்டப்படுகிறது. இறால் கம்பிகளுக்கு இடையே புகுந்து மடிக்குள் போகும். பங்குனி ஆமை தட்டியில் முட்டி, சாய்வு வழியே சறுக்கி, அங்குள்ள திறப்பை மறைக்கும் மூடு வலையைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஆமைக்குச் செவுள் இல்லை. மணிக்கணக்கில் இழுபடும் வலைக்குள் மூச்சுக்கு மேலே வர முடியாமல்தான் சாகிறது.

கெடுவதெல்லாம் அளவில்தான். கம்பிகளுக்கு இடையே 4 அங்குலம், அதாவது சுமார் 10 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. நம் நாட்டில் முன்பு வடிவமைத்த தட்டியில் 142 மி.மீ. இடைவெளி இருந்தது. அந்தப் பழைய தட்டி எங்காவது கிடங்கில் கிடந்தால், அதைத் தூசி தட்டி எடுத்துக் கொடுப்பதில் பயனில்லை.

அடுத்தது சாய்வு. வலையின் நீளவாக்கிலிருந்து தட்டி 30 முதல் 55 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் நிமிர்ந்தால் ஆமை சறுக்காமல் தட்டியிலேயே அப்பிக்கொள்ளும், குப்பையும் சேரும். 30க்குக் கீழே படுத்தால் நீரோட்டம் திறப்பை நோக்கித் திரும்பி இறாலையும் வெளியே தள்ளும். கட்டிய அன்று 45 இருந்தாலும், மடி எடை தாங்கிக் கண்ணிகள் இழுபட இழுபட அது மாறிக்கொண்டே போகும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மடியைக் கப்பியில் தொங்கவிட்டு, 1 மீட்டர் உயரத் தட்டியின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள உயர வித்தியாசத்தை டேப்பால் அளந்தால் போதும். 57 முதல் 87 செ.மீ.க்குள் வந்தால் சரி. தொங்கும்போது வலையின் நீளவாக்கு செங்குத்தாகிவிடுவதால், 57க்குக் குறைந்தால் கடலில் தட்டி நிமிர்ந்து நிற்கும், 87ஐத் தாண்டினால் படுத்துவிடும்.

இரண்டு பக்கமும் சமமான கண்ணி பிடித்துக் கட்டாவிட்டால் மடி முறுக்கிக்கொண்டு திறப்பு வேறு பக்கம் திரும்பும். தட்டியின் கனத்துக்கு ஈடாக மேற்பாதியில் மிதவை வேண்டும். மூடு வலை தட்டியைத் தாண்டி 61 செ.மீ.க்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் தண்ணீர் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், ஆமையால் தள்ள முடியாது.

மழைக்காலம் முடிந்த பிறகு கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் கொட்டிய கட்டையும் பிளாஸ்டிக்கும் தட்டியில் சிக்கும். ஒரு சாக்கு குறுக்கே விழுந்தால் மூடு வலை திறந்தபடியே நிற்கும். அந்த முறை இழுத்ததில் இறால் பாதி போய்விடும். ஆமைகள் கரையை ஒட்டி வருவதும் அதே பருவத்தில்தான். பிறகு படகுக்காரர் மூடு வலையைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார் என்றால், தவறுதான், ஆனால் காரணம் புரிகிறது.

மீனவர் சொல்லும் இன்னொரு குறையும் உண்மை. நம் இழுவலை இறாலுக்கு மட்டும் போடுவது அல்ல. பெரிய திருக்கையும் பாரையும் 10 செ.மீ. இடைவெளியில் நுழையாமல் ஆமை போகும் வழியிலேயே போய்விடும். டீசல் காசை எடுத்துக் கொடுப்பதே பல நாள் அந்த மீன்தான். தட்டியை இலவசமாகக் கொடுப்பது இந்த நட்டத்தை ஈடுகட்டாது. கருவி மாட்டிய படகின் இறாலை ஏலக்கூடத்திலேயே தனிப் பெட்டியில், படகுப் பதிவு எண்ணோடு வைத்து, ஏற்றுமதி நிலையம் வரை கலக்காமல் கொண்டுபோய், கூடுதல் விலை கிடைக்கச் செய்ய வேண்டும். இப்போது எல்லாப் படகின் இறாலும் ஒரே குவியலாகிவிட்டால், எந்தப் படகு விதியை மதித்தது என்று எந்தச் சான்றிதழாலும் சொல்ல முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகும் வலையும் கரையில்தான் இருக்கின்றன. மீன்வளத் துறையும் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும் அந்த நாட்களில் முகாம் போட்டு, படகு உரிமையாளரைவிட முதலில் வலை கட்டும் தொழிலாளிகளுக்குப் பயிற்சி தரட்டும். தட்டியோடு இரண்டு மாற்று மூடு வலையும் சேர்த்துக் கொடுக்கட்டும், முதலில் கிழிவது அதுதான். தடைக்காலம் முடிந்து ஒரு மாதம் கழித்து, துறைமுகத்திலேயே மடியைத் தொங்கவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
கடலூர் முதுநகர்